ரெட்டைக்குழி கழிப்பறை: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்குத் தண்ணி தெருக்குழாயிலேர்ந்து குடத்துலதான் வரணும். கழிப்பறை கட்டினா இன்னும் பத்துக் குடம் என் இடுப்புலதான் ஏறும். கட்டலாமா?

பதில்: பயம் நியாயமானதுதான். கட்டி முடித்து விறகு அடுக்கி வைத்திருக்கும் கழிப்பறைகளில் பலவும் இந்தத் தண்ணீர்க் கணக்கில் தோற்றவைதான். கழிப்பறைக் கோப்பையை (‘பேன்’) பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் சரிவு குறைந்த கோப்பையாக இருக்கும். அதன் டிராப்பில், அதாவது கோப்பைக்குக் கீழே தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாயில், 50 மி.மீ. தண்ணீர் நிற்கும், ஒரு தடவை தள்ளிவிட அரை வாளிக்கு மேல் போகும். ‘ரூரல் பேன்’ என்று கேட்டு வாங்குங்கள். அதில் சரிவு 25 முதல் 28 டிகிரி, டிராப்பில் நிற்கும் தண்ணீர் 20 மி.மீ. மட்டுமே. ஒன்றரை முதல் 2 லிட்டர் போதும்.

வீட்டில் 5 பேர், ஆளுக்கு 4 தடவை என்று வையுங்கள். ரூரல் பேனுக்கு நாளைக்கு 40 லிட்டர், மூன்று குடம். மற்றதற்குத் தடவைக்கு 10 லிட்டர் என்றால் 200 லிட்டர். போவதற்கு முன் ஒரு குவளை தண்ணீரால் கோப்பையை நனைத்துவிட்டால் ஒட்டாது. துணி அலசிய கடைசித் தண்ணீரையும் தள்ளிவிடப் பயன்படுத்தலாம். குடத்தை நீங்கள் மட்டும்தான் தூக்க வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்!

கேள்வி: பத்தடிக்கு ஒரே உறையா இறக்கிட்டா ஆயுசுக்கும் போதும்னு கொத்தனார் சொல்றார். ரெண்டு குழி எதுக்கு மேடம்?

பதில்: ஆழம் போகப் போக நிலத்தடி நீரை நெருங்குகிறீர்கள். அதே நீர்தான் கிணற்றிலும் கைப்பம்பிலும் வருகிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர் மண்ணாவது இருக்க வேண்டும். குடிநீர்க் கிணறு 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இரண்டு குழி இருந்தால் ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை மட்கவிடலாம். 5 பேருக்கு மூன்றே கால் அடி விட்டம், நாலடி ஆழத்தில் இரண்டு குழிகள் போதும். இரண்டுக்கும் நடுவே 3 அடி இடைவெளி. சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் இரண்டு அங்குலச் சந்து விட்டுக் கட்ட வேண்டும். மேலே ஓர் அடிக்கு மட்டும் சந்தில்லாமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அடியில் சிமென்ட் பூசவே கூடாது. ‘சுத்தமா இருக்கட்டும்’ என்று பூசிவிடுகிற கொத்தனார்கள் உண்டு. பூசினால் தண்ணீர் உறிஞ்சாது, சில மாதங்களிலேயே நிரம்பும். கரிசல் மண்ணாக இருந்தால் குழியைச் சுற்றி ஓர் அடிக்கு மணல் கொட்டுங்கள்.

இன்னொரு தவறு சேம்பரில், அதாவது கோப்பையிலிருந்து வரும் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற சின்னத் தொட்டியில் நடக்கும். இரண்டு குழாயையும் திறந்தே விட்டுவிடுவார்கள், இரண்டு குழியும் சேர்ந்து நிரம்பும். ஒன்றைச் செங்கல் வைத்துக் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் சேம்பரை மூட வேண்டும்.

கேள்வி: கேஸ் போக பைப் வைக்கணுமா? வாசனை வராம இருக்க ஆசிட் ஊத்தறோம்.

பதில்: இந்த வகைக்குப் பைப் வேண்டாம், வாயு மண்ணிலேயே கலந்துவிடும். ஆசிட்டை நிறுத்துங்கள். மலத்தை மட்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொல்லும். பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போதும்.

கேள்வி: கைக்குழந்தை போறது அசுத்தமில்லைன்னு மாமியார் கொல்லையிலே வீசறாங்க. பெரியவங்க கிட்ட எப்படிச் சொல்றது?

பதில்: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும். கிருமி அதன் மலத்திலும் அதே அளவுக்கு உண்டு. அதே கொல்லையில்தான் பிள்ளை தவழ்கிறது, மண் தொட்ட கையை வாயில் வைக்கிறது. கொக்கிப்புழுவோ ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகவே ஏறிக் குடலில் இரத்தம் குடிக்கும். சோகை பிடித்த பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறாது. மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஒரு பழைய டப்பாவில் சாம்பல் போட்டு வையுங்கள். அதில் எடுத்துக் கழிப்பறையில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, சோப்பால் கை கழுவினால் முடிந்தது. பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையையும் விடாதீர்கள். 1 முதல் 2 வயதுக்கு 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. அல்பெண்டசோல்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியின் 1 லிட்டர் பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அரை பாக்கெட்டைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை தினம் 20 மி.கி., 14 நாள். போக்கு நின்ற பிறகும் 14 நாளை முடிக்க வேண்டும்.

கேள்வி: ராத்திரி வெளியே போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது.

பதில்: குடிக்காததும் அடக்குவதும்தான் காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப் பையில் தேங்கினால் கிருமி பெருகும். கர்ப்பிணிக்கு இது குறைப்பிரசவம் வரைக்கும் போகலாம், ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழிப்பறை கட்டும்போது உள்தாழ்ப்பாளையும் ஒரு பல்பையும் கணக்கில் சேர்க்காவிட்டால், கட்டிய பிறகும் இந்தப் பயம் போகாது.

கேள்வி: நாப்கினை உள்ளேயே போட்டுத் தண்ணி ஊத்தலாமா?

பதில்: கூடாது. ஊறி உப்பி டிராப்பிலேயே நின்றுவிடும். கம்பி விட்டுக் குத்துகிறேன் என்று டிராப்பை உடைத்தவர்கள் நிறைய. காகிதத்தில் சுற்றி, உள்ளே ஒரு மூடி போட்ட வாளியில் போடுங்கள். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வேண்டும். மறைவில், கட்டிலுக்கடியில் ஈரத்தோடு காய்ந்தால் புண் வரும். வளரிளம் பெண்களுக்கு ‘புதுயுகம்’ திட்டத்தில் நாப்கின் இலவசம், கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கேள்வி: குழி நிரம்பிட்டா யார் அள்றது? எங்க ஊர்ல ஒரு தெருக்காரங்களைத்தான் கூப்பிடுவாங்க.

பதில்: அப்படிக் கூப்பிட்டு மலம் அள்ளவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரெட்டைக்குழியில் அந்த வேலையே எழாது. சுமார் 3 வருடத்தில் முதல் குழி நிரம்பி, தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். சேம்பரைத் திறந்து அடைப்பை அந்தக் குழாய்க்கு மாற்றுங்கள், பத்து நிமிட வேலை. நிரம்பிய குழியை 2 வருடம் தொடாதீர்கள். உருளைப்புழு முட்டை சாக அவ்வளவு காலம் ஆகும். பிறகு வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுக்கலாம். கறுப்பாக, உதிரியாக, வாசனையின்றி இருக்கும். வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். ஈரமாக நாற்றம் அடித்தால் இன்னும் மட்கவில்லை, மூடிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் இல்லை, நான்தான் குடும்பத் தலைவி. உதவி கிடைக்குமா?

பதில்: தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பிரிவில் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பெண் தலைமைக் குடும்பம் என்ற தகுதியில் கேட்கலாம். கட்டத் தொடங்கும் முன்பே ஊராட்சிச் செயலரிடம் பெயரைப் பதியுங்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல் வேண்டும். கட்டி முடித்ததைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் பணம் வரும் என்றால், முதலில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அதற்கு மகளிர் குழுக் கடனைக் கேட்டுப் பாருங்கள்.