சுவரில் மாட்டும் பிரிண்ட் வெளுக்காமல் நிலைக்க: கேள்வி பதில்

கேள்வி: என் தங்கை வரைந்த ஓவியத்தைப் பிரிண்ட் எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். மூன்றே ஆண்டுகளில் சிவப்பு வெளுத்துவிட்டது. நல்ல மை என்றுதான் கடைக்காரர் சொன்னார்.

பதில்: அது சாய மையா, நிறமி மையா என்று கேட்டிருக்க வேண்டும். சாய மையில் நிறம், தண்ணீரில் சர்க்கரை போல முழுதும் கரைந்திருப்பதால், ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் ஒவ்வொரு மூலக்கூறையும் எளிதில் தாக்குகின்றன. நிறமி மையில் நிறம் நுண்துகள்களாக இருக்கிறது. துகளின் மேற்பரப்பு சிதைந்தாலும் உள்ளிருப்பது தப்பிவிடும். இந்தத் துறையே இதைப் பட்டுத்தான் கற்றது. 1991இல் கலிஃபோர்னியாவின் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தில் ஜாக் டுகான் என்பவர், மையை நுண்துளிகளாகத் தெளித்து அச்சிடும் (இங்க்ஜெட்) கலை பிரிண்ட்டுகளுக்கு ‘ஜீக்ளே’ என்று பெயர் சூட்டியபோது, அவர்கள் பயன்படுத்திய ஐரிஸ் இயந்திரம் அச்சகங்களில் மாதிரிப் படி எடுப்பதற்காகச் செய்யப்பட்டதாகும். அதன் தொடக்ககாலச் சாய மைகள் விரைவில் மங்கின. ஆகவே ‘ஜீக்ளே’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மையின் வகையையும் காகிதத்தின் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நூறாண்டு தாங்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

பதில்: எந்த ஒளியில் நூறாண்டு என்பதைப் பார்க்க வேண்டும். வலுவான விளக்கொளியில் விரைவாக வெளுக்கச் செய்து பார்த்து, அதிலிருந்து கணக்கிட்ட எண்தான் அது. பிரிண்ட்டுகளின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி விழுவதாகக் கொண்டு கணக்கிடுகிறது. கோடாக் நிறுவனம் 120 லக்ஸ் என்று கொண்டது. ஒரே பிரிண்ட்டுக்கு இரண்டாவது கணக்கில் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆயுள் வந்துவிடும். இரண்டு பிரிண்ட்டுகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவுகோலில் சோதிக்கப்பட்டவையா என்று பாருங்கள்.

கேள்வி: எந்தக் காகிதம் வாங்குவது?

பதில்: அமிலமற்ற, முழுப் பருத்தியிலான காகிதம். பளிச்சென்ற வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்ப்பு வேதிப்பொருள் நாளடைவில் செயலிழக்க, காகிதம் மஞ்சளாகத் தோன்றும். எனவே அது சேராத, சற்றே இளமஞ்சள் சாயலுள்ள தாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: கடலோர வீடு எங்களுடையது. சட்டமிடும்போது எதைக் கவனிப்பது?

பதில்: பிரிண்ட்டைவிடச் சட்டத்தில்தான் பலரும் தவறுகிறார்கள் என்பதால் இதை விரித்தே சொல்கிறேன். பிரிண்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது; ஈரம் ஏறினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படமே உரிந்து வந்துவிடும். நடுவே அமிலமற்ற மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்புறம் செல்லோ டேப் ஒட்டுவதற்கு ஒருபோதும் இடங்கொடாதீர்கள். அதன் பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் ஊறும். மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவதே முறை, அப்போது ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்க இடமிருக்கும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வரும். உள்சுவரிலும்கூடச் சட்டத்தின் பின்னால் சிறு தக்கைகள் ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள்.

கேள்வி: புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் சன்னலோரம் மாட்டலாமா?

பதில்: கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவிலேயே விளக்கிடுகின்றன.

கேள்வி: செட்டிநாட்டு வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்து ரவிவர்மா அச்சுப்படம் இருக்கிறது. நிறம் இன்றும் அழுத்தமாக இருக்கிறதே, எப்படி?

பதில்: 1894இல் மும்பையில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில், கல்லச்சு முறையில், நிறத்துக்கு ஒன்றாகப் பல தட்டைக் கற்களில் படத்தை வரைந்து, எண்ணெய் மை கொண்டு அச்சிட்டார்கள். அந்தக் கெட்டியான நிறமி மைப் படலத்தோடு, வெயில் எட்டாத உள்கூடமும் அதைக் காத்திருக்கும். பின்னட்டை பழைய மரப்பலகையாக இருந்தால் அதிலுள்ள அமிலம் காகிதத்தை ஒடியச் செய்யும்; பலகையை மட்டும் மாற்றுங்கள். அதையும் காகிதப் பாதுகாப்பு அறிந்தவர் கையால் செய்யுங்கள். படத்தைத் துடைக்கவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம்.