வெள்ளம் தொடாத பைக்குள் ஈரம் எப்படி வந்தது?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அவசரத்துக்கென்று ஒரு பை தயார் செய்து, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிப் பரணில் வைத்தேன். இப்போது திறந்தால் தீப்பெட்டி நமத்துக் கிடக்கிறது, ஆவண நகல்கள் ஒட்டிக்கொண்டன, டார்ச்சுக்குள் வெள்ளைப் பொடி. சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லையே?

பதில்: தண்ணீர் படவில்லை, சரி. ஆனால் ஈரத்தை நீங்களே உள்ளே வைத்துக் கட்டியிருக்கலாம். புழுக்கமான நாளில் கட்டினால் துணியிலும் காகிதத்திலும் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை. ராத்திரி குளிர்ந்ததும் கவரின் உட்புறத்தில் வியர்க்கும். பரணை ஒட்டிய சுவர் ஓதம் காத்திருந்தால் இன்னும் மோசம்.

அதனால் மழைக்காலத்துக்கு முன்பே, நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கட்டுங்கள். துணி, கயிறு, பை எல்லாவற்றையும் காயவைத்து, சூடு ஆறியபின் அடுக்குங்கள். மருந்தையும் பவர் பேங்கையும் மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி ஜிப் கவர். காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடி, எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது. ஆரஞ்சு மணிகள் பச்சையானால் மாற்ற வேண்டும் என்று பார்த்ததுமே தெரியும். அரிசி முடிப்பு வேண்டாம், வண்டு வரும்.

டார்ச்சில் இருக்கும் பொடி வேறு கதை. அது பேட்டரி கசிந்தது. வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு பேட்டரியை எடுத்துவிட்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இனி பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல், பக்கத்திலேயே தனிக் கவரில் வையுங்கள். தீப்பெட்டியோடு ஒரு லைட்டரும் இருக்கட்டும்.

அப்புறம், ஆவணங்களை லேமினேட் செய்து மூலப்பிரதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நகல் கவரில் இருக்கட்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடுங்கள்.

இப்போது பையில் உள்ள மருந்துகளில் கட்டிதட்டிப்போன ஓஆர்எஸ், ஈரம் ஏறிய காயத்துணி, நிறம் மாறிய மாத்திரை எதையும் காயவைத்துப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமலே வையுங்கள். வாளியை ஓதச் சுவரிலிருந்து தள்ளி, ஸ்டூல் போடாமல் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் போதும்.