அவள் உங்களை அண்ணா என்றல்லவா கூப்பிடுகிறாள்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் துறையில் ஐந்தாம் வருட பிஎச்.டி. ஸ்காலர். மேக்ஸீன் என்ற பொருளை வைத்து, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர்கெபாசிட்டர் செய்வது என் ஆராய்ச்சி. நான்கு வருடம் பாடுபட்டு எழுதிய பேப்பர் நல்ல ஜர்னலுக்குப் போகிற நேரத்தில், போன வருடம் சேர்ந்த ஜூனியர் பெண்ணின் பெயரை என் பெயருக்கு அடுத்ததாகப் போட்டு, இரண்டு பேருக்கும் நட்சத்திரக் குறி கொடுத்து, 'சம பங்களிப்பு' என்று எழுதிவிட்டார் கைடு. ஐடியா என்னுடையது, எழுதியதும் நான். அவள் செய்தது கைவேலை மட்டும்தான். ஹாஸ்டல் பக்கத்திலேயே இருப்பதால் ராத்திரி ஃபர்னஸைப் பார்த்துக்கொள்வாள். எச்.எஃப். எட்சிங்கும் அவளே செய்துவிடுவாள். தைரியமான பெண். எதைச் சொன்னாலும் 'சரிண்ணா' என்று செய்வாள். வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகான ஆராய்ச்சி வேலை, தேடும்போது இந்த நட்சத்திரம் எனக்குப் பாதகமாகாதா? அப்பா நிலத்தை விற்று என்னைப் படிக்கவைத்தார். கைடிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தம்பி, கைடுக்கும் ஸ்காலருக்கும் நடக்கிற தகராறு பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. பெயர் விட்டுப்போனது, பெயர் பின்னால் தள்ளப்பட்டது, டேட்டாவை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டது என்று மாதம் இரண்டாவது வந்துவிடும். உங்கள் கடிதத்தையும் அந்த வரிசையில்தான் படிக்க ஆரம்பித்தேன். 'எச்.எஃப். எட்சிங்கும் அவளே செய்துவிடுவாள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் தெருவில் இதே துறையில் வேலை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இதை உங்களுக்குக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எச்.எஃப். என்பது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியையே கரைத்துவிடும், அதனால் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வரும். டைட்டானியம், அலுமினியம், கார்பன் மூன்றும் சேர்ந்து அடுக்கடுக்காக அமைந்த ஒரு பொடியை 2011-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் இந்த அமிலத்தில் போட்டு, அலுமினிய அடுக்கை மட்டும் அரித்து எடுத்தார்கள். இந்த அரிப்புதான் எட்சிங். மிஞ்சிய மெல்லிய தகடுகள்தான் மேக்ஸீன். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் சூடேறிப் பொங்கும், ஹைட்ரஜனும் கிளம்பும்.

மற்ற அமிலம் பட்டால் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். தோலுக்குள் இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிரே போகலாம். பட்டவுடன் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கால்சியம் குளூக்கோனேட் ஜெல்லைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்த ஜெல் உங்கள் லேபில் இருக்கிறதா? எந்த அலமாரியில்? காலாவதித் தேதியை யாராவது பார்த்தீர்களா? அவள் போட்டுக்கொள்வது பெட்டியில் நூறு நூறாக வரும் மெல்லிய நீலக் கையுறைதானே? அடர்த்தியான எச்.எஃப்.-க்கு அது போதாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? ராத்திரி இரண்டு மணிக்கு அவள் மணிக்கட்டில் ஒரு துளி தெறித்தால் யாரைக் கூப்பிடுவாள்? உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று வாட்ச்மேனுக்காவது தெரியுமா? ஃபர்னஸுக்கு ஆர்கான் வாயு விடுகிறீர்கள். பூட்டிய அறையில் அது கசிந்தால் வாசனை வராது, மூச்சுவிடக் காற்று குறைவதும் தெரியாது. அதற்கும் அவள் ஒருத்திதான் காவலா?

தைரியமான பெண்ணாம். போன வருடம் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வருட சீனியரிடம் போய் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லுமா? அவள் வாயை மூடிக்கொண்டு செய்வது உங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது, அதற்கு நீங்கள் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நான் பூச்சாண்டி காட்டுவதாக நினைக்க வேண்டாம். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு திரவத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது அது சிந்தி உடையில் தீப்பற்றியது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பேராசிரியர் மீது குற்ற வழக்கே போட்டார்கள். 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில் 22 வயது மாணவி ராத்திரியில் தனியாக லேத்தில் வேலை செய்தபோது தலைமுடி சிக்கி இறந்தார். பட்டம் வாங்கச் சில வாரங்களே இருந்தன. பணமும் வசதியும் கொட்டிக்கிடக்கிற இடங்களிலேயே இந்தக் கதி. நம் ஊர் லேபில் அமிலப் புகையை வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் ஒழுங்காகக் காற்றை இழுக்கிறதா என்று கடைசியாக யார் பார்த்தது?

நாங்கள் ஐந்து பிள்ளைகள். வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டில் நெல் அவிப்போம். கொல்லையில் பெரிய அண்டா ஏறும், விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு எரியும். அந்தப் பக்கமே எங்களை விட மாட்டான் பெரியண்ணன். அவனுக்கு அப்போது பதினாறு வயதிருக்கும். 'தள்ளி நில்லுங்க' என்று விரட்டிவிட்டு, அம்மாவோடு அவன்தான் அண்டாவை இறக்குவான். ஒரு தடவை கொதிதண்ணீர் கொட்டி முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவனை அண்ணன் என்று கூப்பிடும்போது எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும். உங்களையும் ஒரு பெண் தினமும் அண்ணா என்று கூப்பிடுகிறாள். அண்டா பக்கம் அவளை அனுப்பிவிட்டு நீங்கள் அறையில் தூங்குகிறீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உங்கள் அப்பா நிலத்தை விற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என் மரியாதை. அவள் வீட்டில் எதை விற்றார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? ராத்திரி லேபில் தனியாக இருப்பதை அவள் வீட்டுக்குச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் மறுநாளே அவள் அம்மா பஸ் ஏறி வந்திருப்பார். வந்து 'என் பொண்ணை ஏன் தம்பி தனியா விட்டே' என்று கேட்டால், ஐடியா என்னுடையது என்று சொல்வீர்களா?

சரி, நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அலுமினியம் சரியாக வெளியேறாவிட்டால் மேக்ஸீனே கிடையாது. நேரம் கூடினால் தகடுகள் உடைந்து ஓட்டையாகிவிடுமாம். எக்ஸ்ரே பாய்ச்சி அடுக்கமைப்பைப் பார்க்கிற எக்ஸ்.ஆர்.டி. சோதனையில், 39 டிகிரி பக்கத்தில் பழைய பொடி காட்டுகிற பீக் மறைந்ததா என்று பார்த்துப் பார்த்துத்தான் பக்குவம் பிடிபடும் என்றாள் எங்கள் தெருப் பெண். அதன் பிறகும் தண்ணீர் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அமிலம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டுமாம். இவ்வளவையும் செய்தவளைக் 'கைவேலை மட்டும்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் பேப்பரில் உள்ள ஒவ்வொரு கிராஃபும் அவள் கையால் செய்த பொருளின் கிராஃப். உங்கள் கைடு சரியாகத்தான் செய்திருக்கிறார். நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லி அவரிடம் பேச உங்களுக்கு நான் வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன். போஸ்ட்டாக் கேட்டுப் போகிற இடத்தில் ஒரு ஜூனியரோடு சேர்ந்து நல்ல வேலை செய்தேன் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உங்கள் பெயர்தானே முதலில் இருக்கிறது.

கைடும் தப்பிக்க முடியாது. பேப்பரில் அவள் பங்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அதை அவள் எந்த நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்தாள் என்று விசாரிக்கத் தெரியவில்லையா? ஸ்காலரைச் சேர்த்துக்கொள்கிறவர் அந்தப் பிள்ளையின் பெற்றோர் இடத்தில் நிற்கிறார் என்று நான் நம்புகிறேன். அவர் எனக்கு எழுதினால் அவரையும் திட்டுவேன். இப்போதைக்கு எழுதியது நீங்கள்தான்.

திங்கட்கிழமை காலையில் அவரிடம் பேசுங்கள். பேச்சு ஜெல்லைப் பற்றியும் தடித்த கையுறையைப் பற்றியும் இருக்கட்டும். ராத்திரி எட்சிங் இனி கிடையாது, பகலிலும் இரண்டு பேர் இல்லாமல் அந்த பாட்டிலைத் திறப்பதில்லை என்று எழுதி ஹுட்டின் கண்ணாடியில் ஒட்டுங்கள். நீங்கள் முன்னால் நின்று செய்யுங்கள், அவள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். இதுவரை கையில் எங்கேயாவது பட்டதா, விரல் நுனி மரத்தது, வலித்தது என்று ஏதாவது உண்டா என்று அவளிடம் கேளுங்கள். உண்டென்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அப்படியே மன்னிப்பும் கேளுங்கள்.

இதைப் படிக்கிற இன்று ராத்திரி ஃபர்னஸ் ஓடுகிறதா? ஓடினால் வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய் நீங்கள் உட்காருங்கள். கூட யாராவது ஒரு நண்பரையும் வரச் சொல்லுங்கள். போகும் வழியில் அவளுக்குப் போன் பண்ணி, இன்றைக்கு வர வேண்டாம், போய்த் தூங்கும்மா என்று சொல்லிவிடுங்கள்.