அச்சுப்பொறித் தொழில்நுட்பத்தில் புதியன கண்டுபிடிக்கும் பொறியாளருக்கு அமெரிக்காவில் தொழில்முறை உரிமம் அவசியமா?

அவசியமில்லை. அச்சுப்பொறி வடிவமைப்பில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்வதானால், உடன் பணிபுரிந்தவர்களில் காப்புரிமை பெற்றவர்கள் பலர் இருந்தார்கள். மாநில அரசின் பொறியாளர் உரிமம் வைத்திருந்தவர்களைக் காண்பதுதான் அரிது.

உரிமச் சட்டத்தின் நோக்கமே வேறு. பாசன நீருக்கான விண்ணப்ப வரைபடங்களைத் தகுதியற்றவர்கள் வரைந்து கொடுத்ததால் வயோமிங் மாநிலம் 1907-இல் இதைத் தொடங்கியது; 1937-இல் நியூ லண்டன் பள்ளியில் எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்ட பிறகு டெக்சாஸும் சட்டம் இயற்றியது. பொதுமக்களுக்கான வரைபடத்தில் முத்திரையிட்டுப் பொறுப்பேற்பவருக்கே அது உரியது. உற்பத்தி நிறுவனத்துக்குள் பொருள்களை வடிவமைப்பவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் விலக்கு அளித்துள்ளன.

காப்புரிமைச் சட்டமோ விண்ணப்பிப்பவரின் தகுதியைக் கேட்பதேயில்லை. லேசர் அச்சுப்பொறியை உருவாக்கிய கேரி ஸ்டார்க்வெதர் இயற்பியலும் ஒளியியலும் படித்தவர். ஜெராக்ஸ் நிறுவனத்தில் மேலதிகாரி ஊக்கம் தராததால், 1971-இல் கலிஃபோர்னியாவிலிருந்த ஆய்வு மையத்துக்கு மாற்றலாகிச் சென்று அதை முடித்தார். லேசர் கதிரைத் தாள் அகலத்துக்கு வீசச் சுழலும் பன்முக ஆடி (பல முகங்கள் கொண்ட கண்ணாடி) வேண்டும். அதன் ஒரு முகம் இம்மியளவு சாய்ந்தாலும் வரிகளின் இடைவெளி கெட்டுவிடும். அவ்வளவு துல்லியமாக ஆடியைச் செதுக்குவதற்கு ஆகும் செலவைத் தவிர்க்க, உருளை வடிவ வில்லை (லென்ஸ்) ஒன்றை வைத்து, சாய்ந்த கதிரும் உரிய இடத்திலேயே விழும்படி செய்தார். 1977-இல் அது நிமிடத்துக்கு 120 பக்கம் அச்சிடும் ஜெராக்ஸ் 9700 ஆக விற்பனைக்கு வந்தது. இதில் எந்த இடத்திலும் உரிமத்துக்கு வேலையில்லை. (காப்புரிமையை வழக்கமாக நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவோம், பெயர் மட்டுமே நம்முடையது.)

நிறுவனத்தை விட்டு வெளியேறித் தனியாக ஆலோசனை வழங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் போக்குவரத்து விளக்கின் நேரக் கணக்கைக் குறைகூறி, தம்மைப் பொறியாளர் என்று குறிப்பிட்டதற்காக 500 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது என்றாலும், உரிமமின்றிப் பொதுமக்களுக்குப் பொறியியல் சேவை வழங்குவதற்கான தடை நீங்கிவிடவில்லை.

ஆகவே, ஆலோசகராகும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், படித்தது மறக்குமுன் உரிமத்துக்கான அடிப்படைத் தேர்வையாவது எழுதிவிடுங்கள். அதன்பின் பொதுவாக 4 ஆண்டு அனுபவமும் இறுதித் தேர்வும் தேவை. அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.