இணையத்தில் கச்சேரி கிடைக்கும்போது, மக்கள் ஏன் மறுபடி சபாவுக்குப் போகிறார்கள்?

2020 மார்கழியில் கொரோனாவால் சென்னை சபாக்கள் பலவும் கச்சேரிகளை இணையத்தில்தான் கொடுத்தன. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் கூட்டம் அரங்குக்கே திரும்பியது. கேன்டீன் டிபனும் ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் முக்கியக் காரணம் மனோதர்மம்.

கர்நாடக இசையில், முன்கூட்டி எழுதி வைக்காமல் மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதுதான் மனோதர்மம். ராக ஆலாபனை (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (பாட்டின் ஒரு வரியையே விதவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (ச, ரி, க, ம என்று ஸ்வரங்களைக் கோத்துப் பாடுவது) எல்லாம் இதில் அடங்கும். பாடுபவர் தோடி ராகத்தில் ஓர் ஆலாபனையை எவ்வளவு விரிப்பார், எங்கே நிறுத்துவார் என்பது ஓரளவு எதிரே இருப்பவர்களைப் பொறுத்தது. முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் கை, ஒரு சங்கதிக்கு (வரியை மெட்டு மாற்றிப் பாடும் விதத்துக்கு) எழும் 'பலே', வயலின்காரரின் தலையசைப்பு எல்லாமே அவருக்குச் சேதி. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தானே அடுத்த கரண்டி வைக்கிறார்! கேமரா முன்னால் அந்த இலை தெரியாது.

இன்னொரு சிக்கல் நேரம். மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவரின் ஒலி சுமார் 6 மில்லிசெகண்டில் வந்துவிடும். அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் சேர்ந்து வாசித்தால் தாமதம் பல மடங்கு. மிருதங்கம் பாட்டோடு ஒட்டவே ஒட்டாது.

மனோதர்மம் என்றால் இஷ்டத்துக்குப் பாடுவது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை: கல்யாணி ராகத்தில், அதற்குச் சேராத 'ம' ஸ்வரமான சுத்த மத்யமம் எட்டிப் பார்க்கக் கூடாது, எவ்வளவு சுற்றினாலும் பல்லவியின் எடுப்புக்கு, அதாவது தாளத்தில் அந்த வரி தொடங்கும் இடத்துக்கு, தாளம் பிசகாமல் வந்து சேர வேண்டும்.