மூட்டைக்கு 800 கிராம் எங்கே போகிறது?

ஈரோடு மாவட்ட மஞ்சள் விவசாயி ஒருவர் கேட்கிறார்: “வீட்டுத் தராசில் 51 கிலோ இருந்த மூட்டை, அன்றைக்கே வியாபாரியின் எலக்ட்ரானிக் தராசில் 50.2 கிலோதான் காட்டியது. தராசு தில்லியில் வாங்கியது, ஊருக்கு ஊர் புவியீர்ப்பு மாறும் என்கிறார். இது உண்மையா?”

புவியீர்ப்பு மாறுவது உண்மை. ஆனால் 800 கிராமுக்கு அது காரணமாகாது. எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் ‘லோடு செல்’ என்ற உலோகத் துண்டு இருக்கிறது. மூட்டையின் பாரத்தால் அது மயிரிழையளவு வளைவதைத்தான் தராசு கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அந்தப் பாரம் புவியீர்ப்பைப் பொறுத்தது என்பதால், தில்லியில் சரிசெய்த தராசை அப்படியே சென்னையில் வைத்தால் 50 கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிராம் குறைவாகக் காட்டும்; ஊட்டி போன்ற உயரமான இடத்தில் இன்னும் சிறிது குறையும். அரசு அலுவலர்கள் தராசைச் சோதித்து முத்திரையிடும்போது இங்கேயே எடைக்கற்களை வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பதால், முறையாக முத்திரையிட்ட தராசில் அந்த 40 கிராமும் இருக்கக் கூடாது.

உங்கள் தராசும் தவறாக இருக்கலாம். தெரிந்த கடையில் முத்திரையுள்ள 20 கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி, மின்விசிறியை நிறுத்தி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கல்லை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் எண் மாறினால் தராசு பழுது.

வியாபாரியின் தராசில் மூட்டையை ஏற்றும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கின் எடையை முன்கூட்டியே கழித்து வைத்திருந்தால், வெறும் தட்டிலேயே கழித்தல் குறியுடன் ஓர் எண் தெரியும். அதன்பிறகு சீட்டில் ‘சாக்குக் கழிவு 1 கிலோ’ என்று மறுபடியும் எழுதுவார்கள். பிளாஸ்டிக் சாக்கின் எடை நூறு கிராமைச் சுற்றித்தான் இருக்கும். சணல் சாக்கே அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்தான். நான் பார்த்தவரை விவசாயியின் பணம் தராசின் பிழையில் போனதைவிட இந்தக் கழிவில் போனதே அதிகம்.

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி வணிகத்தில் பயன்படும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். சான்றிதழில் தேதியைப் பாருங்கள். ஈய முத்திரைக் கம்பி அறுந்திருந்தால், உள்ளே யாரோ கை வைத்திருக்கலாம் என்று கொள்ளுங்கள். “முத்திரையை நானே வாங்கித் தருகிறேன்” என்று தராசைப் பார்க்காமலேயே பணம் கேட்கும் பழுதுபார்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமை ஓர் உலோகக் கட்டியை விட்டு, இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கிறார்கள். அந்தத் துல்லியமெல்லாம் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து படிப்படியாக இறங்கி வந்து, களத்துமேட்டில் யாரும் சரிபார்க்காத ஒரு தராசின் முன் நின்றுவிடுகிறது. புகார் வந்தால்தான் பார்ப்போம் என்று தராசுகளைச் சரிபார்க்க வேண்டிய அலுவலகம் இருந்தால், அறுவடை முடிந்து பணம் கைமாறிய பிறகு பார்த்து என்ன பயன்?

அடுத்த முறை மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் மூட்டையை இறக்காமல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். எழுதிய பிறகும் கணக்கு உதைத்தால், அந்தச் சீட்டோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.