உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தவிர ரஷ்யச் சமையலில் என்னதான் இருக்கிறது?

எங்கேயோ ஹோட்டலில் காரமில்லாத சூப் ஒன்றைக் குடித்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபமில்லை. 2011இல் நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில் ஓர் அறைக்குக் குடிபோன முதல் வாரம் நானும் இப்படித்தான் சலித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரப் பாட்டிக்கு அப்போது 77 வயது. லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்த யூதர். 1979இல் சோவியத் யூனியனை விட்டு ஐம்பதாயிரம் யூதர்களுக்கு மேல் வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்தில் கணவரோடு வந்தவர். தெருவில் இறங்கினால் ரயில் பாலத்துக்கு அடியில் வரிசையாக ரஷ்யக் கடைகள், எல்லாமே சமைத்த பதத்தில் கிடைக்கும். பாட்டி வாங்க மாட்டார். பெல்மெனிக்கு (கறி வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்) மாவைத் தானே பிசைவார். போர்ஷ்டுக்கு (பீட்ரூட் சூப்) பீட்ரூட் வதக்கும்போதே கொஞ்சம் வினிகர் விடுவார், இல்லாவிட்டால் சிவப்பு வெளுத்துவிடுமாம். வைத்த அன்றைக்குப் பரிமாறவும் மாட்டார். மறுநாள்தான், நம் மீன் குழம்பு மாதிரி.

(உடனே "போர்ஷ்ட் உக்ரைனுடையது" என்று கிளம்பாதீர்கள். தெரியும், 2022இல் யுனெஸ்கோவே உக்ரைனின் பெயரில்தான் பட்டியலில் சேர்த்தது. பாட்டியும் அதைத்தான் சொல்வார். அவருடைய அம்மா கீவ்காரர்.)

சமைக்கும்போது பாட்டி பேசிக்கொண்டே இருப்பார். "இப்போ வெண்ணெய் போடறேன், இப்போ கோஸ் சுருளுது." எனக்குச் சொல்லித் தருகிறார் என்று நினைத்தேன். ஆனால் நான் அறையில் கதவைச் சாத்தியிருந்தாலும் பேச்சு ஓடும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

1941 குளிர்காலம், ஜெர்மன் படை நகரைச் சுற்றி வளைத்த லெனின்கிராட் முற்றுகை. அவருக்கு ஏழு வயது. நவம்பர் 20இலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் கலப்படம். தச்சர் பசையைக்கூடக் காய்ச்சித் தின்றிருக்கிறார்கள். ராத்திரியில் அம்மா இரண்டு பெண்களையும் அணைத்துப் படுத்துக்கொண்டு, முட்டைக்கோஸ் வைத்த பிரோக் (மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) செய்வாராம், வாயாலேயே. மாவு பிசைவதிலிருந்து அடுப்பில் வைப்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்வார். அக்கா நடுவில் எழுந்து, "முட்டை இரண்டு போதாது, மூணு போடு" என்று சண்டை பிடிப்பாராம். வாயால் வடை சுடுவது என்று நாம் கேலிக்குச் சொல்வோம். அதற்கப்புறம் எனக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2016இல் திரும்பி வந்து சென்னையில் வீடு தேடினால் எடுத்த எடுப்பில் "நான்வெஜ் சமைப்பீங்களா?" மூன்று இடத்தில் அதோடு பேச்சு முடிந்தது. பத்து மாத அட்வான்ஸும் வேண்டும், என் சட்டியையும் மோந்து பார்க்க வேண்டும்! பிரைட்டன் பீச்சில் நான் நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று பாட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, "பீர் இருக்கா?" என்றார், அவ்வளவுதான்.

சரி. நான் கிளம்புவதற்கு முந்தின மாதம் பாட்டிக்குக் கை நடுக்கம் அதிகம், நிற்கவும் முடியவில்லை. சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பிரோக் செய்தேன். கோஸை வதக்கி இறக்கியதும் எட்டிப் பார்த்து, "உப்பு பத்தாது" என்றார். ருசிகூடப் பார்க்கவில்லை.

பத்தவில்லைதான்.